ஐந்நூற்று நாற்பத்தேழு மைக்ரான்

தாடையை இங்கே வையுங்கள், நெற்றியை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், உள்ளே தெரிகிற நீல விளக்கையே பாருங்கள், கண்ணைச் சிமிட்டாதீர்கள். இதை நான் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன். நாற்பது பேரும் தலையாட்டிவிட்டு உடனே சிமிட்டுகிறார்கள். கண் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தால் மனிதர்கள்மேல் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் மிஞ்சாது. பொறுமை மட்டும் நன்றாக வளரும்.

அந்தப் பொறுமையோடுதான் உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கையையும் நேற்று படித்தேன், ஐயா. பதினான்கு பக்கம். முதல் மூன்று பக்கம் குழுவில் இருப்பவர்களின் பட்டங்கள். ஒன்பதாம் பக்கத்தில்தான் விஷயம் வருகிறது. லேசர் சிகிச்சை செய்துகொண்ட இளைஞருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கெட்டுவிட்டது. காரணம், சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் அவருடையது அல்ல. 'ஸ்கேன் பிரிவு ஊழியரின் கவனக்குறைவால் வேறொரு நோயாளியின் படம் தவறுதலாக இணைக்கப்பட்டிருக்கலாம்.' அந்த ஊழியர் நான். அந்த இளைஞன் என் கூடப்பிறந்த தம்பி. அதனால்தான் உங்களுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை என்று நினைக்கிறேன். பத்தாம் பக்கத்தில் 'பாவம், அக்கா' என்று எழுதாததுதான் குறை.

எனக்குக் கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வலது கண்ணின் படத்தை இடது கண் பெயரில் போட்டதுகூட இல்லை. இனி எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த ஒரு வார்த்தை என் கூடவே வரும். அதை எடுத்துவிடச் சொல்லத்தான் வந்தேன். எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுத வேண்டியிருக்கும் இல்லையா, அதற்காக நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா விமானப்படையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். விமானம் ஓட்டினார் என்றுதான் தெருவில் பேச்சு, அவரும் மறுத்ததில்லை. உண்மையில் அவர் ஓட்டியது விமானத்தை இழுக்கும் டிராக்டரை. கொட்டகையிலிருந்து ஓடுபாதை முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார், கொக்கியைக் கழற்றுவார், சல்யூட் அடிப்பார், திரும்பி வந்துவிடுவார். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகம். அதைத் தாண்டினால் மெமோ. தான் இழுத்துக்கொண்டு போய் விட்டவர்கள் எல்லாம் மேலே போவதை முப்பது வருடம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மனிதருக்கு, தன் வீட்டிலிருந்தும் ஒரு ஆள் மேலே போக வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பே இல்லை. அந்த ஒரு ஆள் நானாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் தப்பு.

பத்தொன்பது வயதில் நான் விமானி தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வு, நேர்முகம், சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துத் தலை சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை, எல்லாவற்றிலும் தேறினேன். கண்ணில் நிறுத்திவிட்டார்கள். மைனஸ் மூன்று. ஆனால் நிராகரிப்புக் கடிதத்தின் அடியிலேயே ஒரு குறிப்பு இருந்தது. லேசர் சிகிச்சை செய்துகொண்டு, ஒரு வருடத்துக்குள் மறுபடியும் மருத்துவச் சோதனைக்கு வரலாம் என்று. அப்பா அதை இரண்டு முறை படித்தார். மடித்து டீப்பாய்மேல் வைத்தார்.

"கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, கண்ணுல கத்தி வைக்கிறதாவது" என்றார்.

லேசரில் கத்தியே கிடையாது என்று விளக்கினேன். எதிர்த்துப் பேச மட்டும் கண் நன்றாகத் தெரிகிறதே என்றார். அம்மா சிரித்தாள். அதோடு என் விமானம் தரையிறங்கிவிட்டது. ஒரு வருடம் அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு அப்பாவின் மனம் மாறக் காத்திருந்தேன். மாறியது கடிதத்தின் நிறம்தான். பிறகு, கண்தானே பிரச்சினை, அதையாவது முழுசாகத் தெரிந்துகொள்வோம் என்று கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தேன். கல்யாணமும் ஆகவில்லை. அதற்குக் கத்தி காரணம் இல்லை.

தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். சிரித்த முகம். எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை, எதற்கும் விழுந்து விழுந்து படித்ததும் இல்லை. என் தட்டில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டால்தான் அவனுக்கு வயிறு நிறையும். சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், இரண்டு கை முட்டியாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். பிள்ளை ராப்பகலாகப் படிக்கிறான் என்று அப்பா உருகுவார். அவன் போனில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருப்பான்.

இருபத்தொரு வயதில் அவனும் விமானி தேர்வில் தேறினான். அவனையும் கண்ணில் நிறுத்தினார்கள். அவனுக்கும் கடிதம் வந்தது, அடியில் அதே குறிப்போடு. அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தார். லேசர் என்று ஒன்று இருக்கிறதாம், பத்தே நிமிடமாம், வலியே கிடையாதாம், நாடு எவ்வளவு முன்னேறிவிட்டது பார் என்றார். நான் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. வயதானவர், மறதி வருவது சகஜம்.

நான் வேலை பார்க்கும் இடத்திலேயே செய்துவிடுவது என்று முடிவானது. ஏதாவது அப்படி இப்படி இருந்தால் நீ சரிசெய்துவிட மாட்டாயா என்று அப்பா சுற்றி வளைத்துக் கேட்டார். அம்மாவுக்குச் சுற்றி வளைக்க வராது.

"நீ அங்கதானே இருக்க. முன்னபின்ன இருந்தா கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடு."

கத்திரிக்காய் வாங்கும்போது கடைக்காரரிடம் பேசுகிற அதே குரல். சரிம்மா என்றேன். ஆக, இந்தக் குற்றத்தை என்னைச் செய்யச் சொன்னது குடும்பம். நான் யாருடைய பேச்சையும் மீறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் அவனை மெஷின்முன் உட்காரவைத்தேன். உங்கள் குழுவில் கண் டாக்டர் ஒருவர்தான் இருக்கிறார், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்போம். லேசர் அந்தப் படலத்தின் நடுவைக் கொஞ்சம் செதுக்கிப் பவரைச் சரிசெய்கிறது. செதுக்கிய பிறகும் உள்ளே இருக்கிற அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குப் படலம் மிஞ்ச வேண்டும். மைக்ரான் கணக்கில் அளப்போம். ஐந்நூறு மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டர். எங்கள் இடத்தில் ஐந்நூறுக்குக் கீழே போனால் கண்ணாடியே போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவோம்.

தம்பிக்கு வலது கண்ணில் நானூற்று அறுபத்தெட்டு. இடது கண்ணில் நானூற்று எழுபத்திரண்டு. அதைவிட மோசம், இரண்டு கண்ணிலும் கார்னியா கீழ்ப்பக்கம் லேசாகப் பிதுங்கியிருந்தது. திரையில் அந்த இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். கசக்கிக் கசக்கியே பாதி வேலையை அவன் முடித்துவைத்திருந்தான். இப்படிப்பட்ட கண்ணைச் செதுக்கினால் சில மாதங்களில் மீதிப் படலம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். பார்வை நெளியும். அதற்கப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியாது. இது முதல் வருடப் பாடம், ஐயா. ஆறு முறை எடுத்தேன். ஆறு முறையும் அதே சிவப்பு. தம்பி மட்டும் ஒவ்வொரு முறையும் சிமிட்டினான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படம் சரியாக வரவில்லை என்றால் நல்லதாக ஒன்று வரும்வரை எடுப்போம், நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுவோம். அன்று ஆறையும் அழித்தேன். நல்லதாக ஒன்று வேண்டியிருந்தது.

இந்த மெஷின் வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த புதிதில் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். எங்களையே ஒருவர் மாற்றி ஒருவர் உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படங்கள் 'பயிற்சி ஒன்று', 'பயிற்சி இரண்டு' என்று இன்னும் மெஷினிலேயே கிடக்கின்றன, யாரும் அழிக்கவில்லை. பயிற்சி மூன்று நான். வலது ஐந்நூற்று நாற்பத்தேழு. இடது ஐந்நூற்று ஐம்பத்தொன்று. மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை, ஒரு இடத்திலும் சிவப்பு இல்லை. அந்தப் பயிற்சியாளர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ண வச்சுக்கிட்டு ஏம்மா கண்ணாடி போட்டிருக்கீங்க? லேசருக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. விமானப்படை இருபத்து மூன்றோடு கதவைச் சாத்திவிடும். சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுதிக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பயிற்சி மூன்றைப் பிரதி எடுத்தேன். பெயரை மாற்றினேன், பிறந்த தேதியை மாற்றினேன், பெண் என்பதை ஆண் ஆக்கினேன். படம் எடுத்த தேதியையும் மாற்றினேன். பவர் அளவு மட்டும் அவனுடையது, அதில் கை வைக்கவில்லை. மொத்தம் நான்கு நிமிடம் ஆனது. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். 'வேறொரு நோயாளியின் படம்' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் நோயாளியும் இல்லை. அந்த வரியில் இரண்டு திருத்தம் இருக்கிறது.

செத்த பிறகு கண்ணைக் கொடுப்பவர்களைப் பாராட்டி எங்கள் காத்திருப்பு அறையில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். நான் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தேன். எனக்கு யாரும் ஒட்டவில்லை.

மறுநாள் அப்பாவும் தம்பியும் பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கோப்போடு நின்றேன். அன்று அவர் பார்க்க வேண்டியவர்கள் இருபத்தாறு பேர். படத்தைப் பார்த்ததும் அவசரத்தை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு கார்னியாவை எப்போதாவது ஒரு முறைதான் பார்க்க முடியும், இந்தக் கண் மேலே பறப்பதற்கென்றே செய்த கண் என்றார். அப்பா நிமிர்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே கண்ணில் குறை கிடையாது டாக்டர் என்றார். நான் பக்கத்திலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். அந்த டாக்டர் என் கண்ணைத்தான் புகழ்ந்தார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அப்பா என் கண்ணுக்காகப் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பெரிய டாக்டரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. ஒன்பது வருடமாக என் படத்தில் ஒரு பிசகும் வராததால் என்னை நம்பினார்.

சிகிச்சை நன்றாக நடந்தது. ஒரு வாரத்தில் தம்பி மொட்டைமாடியில் நின்று எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினான். அப்பா தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். பழைய சீருடையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிவைத்தார், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் உன்னால்தான் என்றாள். ஆமாம்மா என்றேன்.

ஆறாவது மாதம் தம்பி முதலில் என்னிடம்தான் வந்தான். நிலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிலா அழிந்த மாதிரி தெரிகிறது, வண்டி விளக்கெல்லாம் கோடு கோடாக இழுக்கிறது என்றான். அப்போதே பெரிய டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தால், படலம் மேலும் தள்ளாமல் இறுக்கி நிறுத்தியிருக்கலாம், அதற்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. கண் வறட்சிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தேன். இரண்டு மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டான். ஒரு வேளைகூடத் தவறவில்லை, அலாரம் வைத்து விட்டுக்கொண்டான்.

பிறகு விமானப்படையின் மருத்துவச் சோதனை வந்தது. அங்கே இருந்தவர்கள் எளிய கழித்தல் தெரிந்தவர்கள். எங்கள் கோப்பில் வலது கண்ணுக்கு இருந்த ஐந்நூற்று நாற்பத்தேழில் லேசர் அறுபத்திரண்டைச் செதுக்கினால் நானூற்று எண்பத்தைந்து மிஞ்ச வேண்டும். அவர்களுடைய மெஷின் நானூற்று இரண்டு காட்டியது. மீதி எங்கே போனது என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். அதற்குப் பதில் தேடித்தான் உங்கள் குழு போடப்பட்டது, நீங்களும் பதினான்கு பக்கம் எழுதினீர்கள்.

தம்பிக்கு இப்போது மனிதர்களைக் குரலை வைத்துத்தான் தெரிகிறது. கெட்டியான ஒரு வகை லென்ஸை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்கிறான், அதற்குமேல் வலி தாங்கவில்லை. வலது கண்ணுக்கு வேறொருவரின் கார்னியாவை வைத்துத் தைக்க வேண்டும் என்று பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை ஸ்கேனுக்கு என்னிடம்தான் வருகிறான். அவனுக்கு என் கை ராசி. அப்பா அந்தச் சீருடையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பையன் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று தெருவில் சொல்லிவருகிறார். பையன் வாசல் படியைக் காலால் தடவித் தேடிக்கொண்டிருப்பது தெருவுக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை என்றால் அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறெரிய வேண்டும். அவன் விமானத்தில் ஏறியிருந்தால் முதலில் கைதட்டியிருப்பவள் நான்தான். சிகிச்சைவரை போகவிட வேண்டும் என்பதுகூட என் எண்ணம் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அவனுடைய உண்மையான அளவுகளை ஒரு சீட்டில் எழுதி என் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். அவனை மேஜைமேல் படுக்கவைத்த பிறகு, கடைசி நிமிடத்தில் உள்ளே போய்ச் சீட்டைக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். வெளியே காத்திருக்கிற அப்பாவிடம் நானே வந்து, உங்கள் பிள்ளைக்குக் கண் சரியில்லை, அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவர் முகம் போகிற போக்கை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அந்தப் படத்தை மாற்றியது அதற்காகத்தான். படம் மோசம் என்று முதலிலேயே தெரிந்துவிட்டிருந்தால் அவருக்கு என்ன வலித்திருக்கும்?

சிகிச்சை அன்று காலை, அவனை உள்ளே கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மரத்துப்போகும் மருந்தை நான்தான் விட்டேன். தலையில் நீலத் தொப்பி, நெற்றியில் எந்தக் கண் என்று அடையாள ஸ்டிக்கர். கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எல்லாம் சரியாதானே இருக்கு? டாக்டர் சொல்றதெல்லாம் எனக்குப் புரியல, நீ சொன்னாப் போதும். உனக்குச் சின்னதா ஏதாவது இடிச்சாக்கூடச் சொல்லிடு, இப்பவே எழுந்து வந்துடறேன்."

அப்பாவுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டேன்.

"அவர் ஆசைப்படறாரேன்னுதான் வந்தேன். எனக்கு இந்தப் பைலட் வேலை மேல பெரிசா ஒண்ணும் இல்லக்கா. கிடைச்சா போறேன், இல்லேன்னா போனா போகுது. ஏதாவது கடை கிடை வச்சுப் பொழைச்சுப்பேன்."

போனா போகுதாம். நான் ஒரு வருடம் தலைக்கடியில் வைத்துப் படுத்த கடிதம் அது. அவனுக்கு அது வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. பையில் கையை விட்டேன், சீட்டு விரலில் பட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, போ என்றேன். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். கதவு மூடிய பிறகு சீட்டை நான்காகக் கிழித்து, பஞ்சு போடும் கூடையில் போட்டேன். என் தம்பியின் கண்ணைத் தெரிந்தே கெடுத்தது நான்தான், ஐயா. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னும் ஒரு வரி. அந்த வேலை வேண்டும் என்று அவன் நிஜமாகவே ஆசைப்பட்டிருந்தால், சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.